மஞ்சள் கடுதாசிக்கு இரண்டு வாசல்!

"மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்று கடனில் மூழ்கியவனை நம் ஊரிலே ஏளனம் பேசுவார்கள். அமெரிக்காவிலே அதற்கெனத் தனி நீதிமன்றம் உண்டு. அவமானமல்ல, சட்டம் தந்த உரிமை என்பார்கள். உரிமைதான், மறுக்கவில்லை நாம். ஆனால் அந்த உரிமையின் கதவு ஏழைக்கு எப்படித் திறக்கிறது? அதுதான் நம் கேள்வி!

டென்னசி மாநிலத்திலே, மிசிசிப்பி நதிக்கரையிலே ஷெல்பி கவுண்டி. நம் மாவட்டம் போன்றதொரு பகுதி. மெம்பிஸ் நகரம் அதன் தலைமையிடம். 2020 கணக்கெடுப்பில் 9 லட்சத்து 29 ஆயிரம் மக்கள். பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். 1968-இல் துப்புரவுத் தொழிலாளர் "நான் மனிதன்" என்று அட்டை ஏந்தி நடந்த மண் அது. அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் குண்டுக்கு இரையான மண்ணும் அதுவே. திவால் மனுக்கள் மலிந்த அமெரிக்கப் பகுதிகளில் முன்வரிசையில் இடம்பெற்றதும் அதுவே!

திவால் சட்டம் கவுண்டியுடையதல்ல, மத்திய அரசுடையது. அதிலே சாமானியனுக்கு இரண்டு வாசல். ஒன்று ஏழாம் அத்தியாயம். வருமான வரம்பு உண்டு; சட்டம் விலக்களித்த சொத்து போக மிச்சமிருந்தால் விற்கப்படும்; பெரும்பாலும் சில மாதங்களில் கடன் தள்ளுபடி. மற்றொன்று பதின்மூன்றாம் அத்தியாயம். மூன்று முதல் ஐந்தாண்டு வரை மாதத் தவணை. வீட்டுக் கடனிலும் கார்க் கடனிலும் பாக்கி விழுந்தவர், அவற்றைக் காப்பாற்றிக்கொள்ள உதவும் வழி அது. எந்த வாசலில் நுழைந்தாலும், மனுப் போட்டதுமே வசூலிப்போர் கை பெரும்பாலும் கட்டப்பட்டுவிடும்.

விரைவு வழி இருக்க, நெடுவழி ஏன்? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! ஏழாம் அத்தியாயத்துக்கு வக்கீல் கட்டணத்தை முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டும். பதின்மூன்றுக்கோ முன்பணமின்றியே மெம்பிஸில் வக்கீல் கிடைப்பார். கட்டணம் தவணையிலே கழியும். காசுள்ளவன் சில மாதத்தில் கரையேறுகிறான். காசில்லாதவன் ஐந்தாண்டு நீந்துகிறான். நோய் வந்தால், வேலை போனால், தவணை தவறும். மனு தள்ளுபடியாகும்; கடன் தள்ளுபடியாகாது! கறுப்பின மக்களே இந்த நெடுவழியில் அதிகம் புகுந்து பாதியில் விழுகிறார்கள் என்பதைப் புரோபப்ளிகா என்னும் செய்தி நிறுவனம் 2017-இல் ஆராய்ந்து காட்டியது.

அங்கே கடனில் தவிப்போர் முதலில் கேட்க வேண்டியது, "ஏழாம் அத்தியாயத்துக்கு எனக்குத் தகுதி உண்டா?" என்பதே. அதன் நீதிமன்றக் கட்டணம் 338 டாலர், தவணை கேட்கலாம். வறுமைக் கோட்டின் ஒன்றரை மடங்குக்கும் குறைந்த வருமானமுள்ளோர் விலக்கே கேட்கலாம். மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் கடன் ஆலோசனை பெறுவது கட்டாயம். பிள்ளை பராமரிப்புத் தொகை திவாலில் தீராது. கல்விக் கடன் தீர்வதும் அரிது. கூலியைப் பிடிக்கும் உத்தரவு மட்டுமே தொல்லையென்றால், திவாலுக்குப் போகாமலே, தவணையில் கட்ட அனுமதி கேட்டு நீதிமன்றத்தை நாட டென்னசிச் சட்டம் இடம் தருகிறது.

சட்டம் ஒன்றுதான், வாசல்தான் இரண்டு. எந்த வாசல் என்பதைத் தேவை தீர்மானிக்கட்டும். பணப்பை தீர்மானிக்க வேண்டாம். "நான் மனிதன்" என்ற முழக்கம் எழுந்த மண்ணிலே, அந்த நியாயமாவது கிடைக்க வேண்டாமா?