எலும்பு மஜ்ஜை சிறுநீரகத்தைச் சரிசெய்யுமா? எப்படி?

காஞ்சிபுரத்துத் தறியில் பாவு இழை அறுந்தால் நெசவாளர் அங்கேயே முடிந்துவிட்டு வேலையைத் தொடர்வார். துணையாள் கைகொடுப்பார், அவரே இழையாகிவிட மாட்டார். ரத்த ஓட்டம் குறைந்தோ நஞ்சாலோ உங்கள் சிறுநீரகக் குழாய்ச் செல்கள் மடியும்போது நடப்பதும் இதுதான். பிழைத்த செல்களே பெருகி இடைவெளியை அடைக்கின்றன. மஜ்ஜையிலிருந்து எடுத்துச் செலுத்திய ஸ்டெம் செல்கள் சுரக்கும் புரதங்கள் அழற்சியைத் தணித்து, அந்தப் பெருக்கத்துக்குத் துணைநிற்பதை விலங்காய்வுகள் காட்டின.

பெண்ணின் சிறுநீரகம் பொருத்தப்பட்ட ஆண்களிடம், அந்தச் சிறுநீரகத்திலேயே ஆணுக்குரிய ஒய் குரோமோசோம் கொண்ட செல்களை 2001-ல் கண்டார்களே என்று நீங்கள் கேட்கலாம். அவை நோயாளியின் உடலிலிருந்து வந்தவை என்பது சரி. ஆனால் பழுதை நீக்கியவை அவைதாம் என்று அது நிரூபிக்கவில்லை. 2008-ல் எலிகளின் குழாய்ச் செல்களுக்கு முன்கூட்டியே மரபணு அடையாளம் இட்டுப் பார்த்தபோது, காயத்துக்குப் பின் முளைத்த புதுச் செல்களிலும் அதே அடையாளம் இருந்தது. வெளியாட்கள் குடியேறியிருந்தால் அது நீர்த்துப் போயிருக்கும்.

துணை செய்வதுதானே, ஊசியாகப் போட்டுக்கொண்டால் என்ன? நாள்பட்ட நோயில் சிறுநீரகம் தழும்பேறிவிடுகிறது. பெருகுவதற்கு நல்ல செல்களே குறைவு. மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறதே என்றால், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-ல் தொடங்கிய அந்தச் சிகிச்சை ரத்த நோய்களுக்கானது. ரத்தம் உண்டாக்குவதுதான் மஜ்ஜையின் தொழில். சிறுநீரகத்துக்கு ஸ்டெம் செல் செலுத்துவதை முறையான ஆய்வாக மட்டுமே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. எனவே காசு கேட்டுக் குணம் உறுதி என்பவரிடம், அது பதிவுபெற்ற ஆய்வா என்று முதலில் கேளுங்கள்.