கம்பியூட்டர் பாதியில் நின்றால் பிள்ளையை ஏசாதீங்க



போன மாதம் மேல்லயத்தில் ஒரு வீட்டில் பெரிய சத்தம். போய்ப் பார்த்தேன். உயர்தரம் படிக்கும் மகன், பழைய சாமானும் புதுச் சாமானும் வாங்கி, தானே ஒரு கம்பியூட்டர் பூட்டியிருக்கிறான். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த காசு. விண்டோஸ் போடும்போது பாதியில் திரை நீலமாகி நின்றுவிடுகிறது. மூன்று நாளாக இதே கதை. "காச கரியாக்கிட்டான்" என்று அப்பா ஏசுகிறார். மகன் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறான்.

பெற்றோர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் போடுவது கம்பியூட்டருக்கு முதல் நாள் பெரட்டு மாதிரி. சுருக்கி வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான கோப்புகளை குச்சியிலிருந்து (பென்டிரைவ்) எடுத்து, ரேமில் வைத்து விரித்து, டிஸ்க்கில் எழுத வேண்டும். எல்லாச் சாமானும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. ஒன்றில் சின்னக் கோளாறு இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். அதனால் நின்றது பிள்ளையின் பிழை என்று சொல்ல முடியாது.

முதலில் எப்படி நிற்கிறது என்று பாருங்க. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் பெரும்பாலும் ரேம், சூடு அல்லது கரண்ட். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் குச்சி அல்லது டிஸ்க். நீலத் திரை வராமல் சட்டென்று அணைந்தால் சூடு அல்லது பவர் சப்ளை. திரையில் வரும் எழுத்தையும் இலக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்க.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்யுங்க. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

1. பயோஸ்: உள்ளே போய் எல்லாவற்றையும் பழைய அமைப்புக்கே திருப்புங்க. ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி. போட்டிருந்தால் நிறுத்துங்க.

2. ரேம்: பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலை செய்யுங்க. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்க, பிறகு மற்றதை. 'மெம்டெஸ்ட்86+' என்ற இலவச சோதனையை ஒரு குச்சியில் போட்டு இரவு முழுக்க ஓட விடலாம். அதற்கு விண்டோஸ் தேவையில்லை. சிவப்புக் கோடு ஒன்று வந்தாலும் அந்த ரேமை நம்பக் கூடாது.

3. சூடு: பயோஸில் பிராசசரின் சூடு தெரியும். சும்மா இருக்கும்போதே 80 பாகையைத் தாண்டினால் விசிறி சரியாக உட்காரவில்லை. புது விசிறியின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பவர்கள் உண்டு. மலையில் குளிர்தானே என்று இருந்துவிடாதீங்க.

4. குச்சி: குறைந்தது 8 ஜி.பி. வேண்டும். வேறு கம்பியூட்டரில் புதிதாகத் தயார் செய்து, பெட்டியின் பின்பக்கத் துளையில் போடுங்க. தயார் செய்யும்போது குச்சியில் இருக்கும் எல்லாம் அழிந்துவிடும். படங்கள் இருந்தால் முதலில் எடுத்து வையுங்க.

5. டிஸ்க்: வயரை மாற்றிப் பாருங்க. பழைய ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்றால் அதன் ஆயுள் முடிகிறது.

6. கரண்ட்: ஒரே வயரில் ரைஸ் குக்கரும் அயனும் கம்பியூட்டரும் வேண்டாம். மாலையில் எல்லா வீட்டிலும் சமையல் நடக்கும்போது வெளிச்சம் மங்கினால், அந்த நேரத்தில் விண்டோஸ் போடாதீங்க. பவர் சப்ளை பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், உயிருக்கு ஆபத்து.

இன்னொன்று. "இந்தக் கம்பியூட்டருக்கு விண்டோஸ் 11 போட முடியாது" என்று எழுத்து வந்தால் அது கோளாறு இல்லை. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0, 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம் எல்லாம் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச உதவி 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. பழைய சாமானுக்கு லினக்ஸ் மின்ட் காசில்லாமல் கிடைக்கிறது. படிக்கவும் எழுதவும் அது தாராளமாகப் போதும்.

அந்த மகனின் கம்பியூட்டரில் இரண்டு ரேமில் ஒன்று பழுது. இரவு சோதனை ஓடவிட்டு, காலையில் சிவப்புக் கோடுகளைப் படம் எடுத்தோம். கடைக்காரர் முதலில் "பையன்தான் பழுதாக்கினான்" என்றார். படத்தையும் பில்லையும் காட்டிய பிறகு வேறு ரேம் கொடுத்தார். பில் இல்லாவிட்டால் அந்தக் காசு போனதுதான். அதனால் சின்னச் சாமான் வாங்கினாலும் பில்லைக் கேட்டு வாங்கி, பிறப்புப் பத்திரம் வைக்கும் இடத்திலேயே வையுங்க.

அன்று மாலை விண்டோஸ் முழுதாக ஏறியது. அப்பா ஒன்றும் பேசவில்லை. மகனுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து, "இதுல என்னா பண்ணலாம், காட்டு" என்றார்.