இலை வாரும் வண்டி: பழுதும் பரிகாரமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில், ஓஹையோ, இண்டியானா, மிச்சிகன் முதலிய மாநிலங்களில், அக்டோபர் பிறந்ததும் மேப்பிள் மரங்களும் ஓக் மரங்களும் இலை உதிர்க்கத் தொடங்கிவிடும். வீட்டைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று புல்தரை வைத்திருக்கும் குடும்பத்தார், அந்நாட்டில் குடியேறி நகரத்துக்கு அப்பால் வீடு வாங்கிய நம்மவரும் அவர்களில் உண்டு, அத்தனை இலையையும் கையால் வாரித் தீர்ப்பது சாத்தியமன்று என்று கண்டு, புல் வெட்டும் டிராக்டரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் லான் ஸ்வீப்பர் என்னும் வண்டியை வாங்குகிறார்கள். எஞ்சினோ மின்சாரமோ இல்லாத, சக்கரத்தின் சுழற்சியினாலேயே இயங்கும் எளிய யந்திரம் அது. ஒழுங்காகப் பேணினால் நெடுங்காலம் உழைக்கக் கூடியது. அப்படியிருந்தும் இரண்டு மூன்று பருவங்களுக்குள் அது வீதியோரத்துக் குப்பையில் போய்ச் சேருவதைக் காணும்போது வருத்தம் உண்டாகிறது. கழற்றிப் பார்த்தால் வாரன்டி போய்விடும் என்ற வீண் பயம் ஒரு பக்கமும், பழுது என்றால் புதிதாக வாங்குவதைத் தவிர வழியில்லை என்ற எண்ணம் மறு பக்கமும் சேர்ந்து, சட்டம் தமக்குத் தந்திருக்கும் உரிமையையும், தம் கைக்கு எட்டும் எளிய பரிகாரத்தையும் ஜனங்கள் அறியாதபடி செய்துவிடுகின்றன.

யந்திரத்தின் அமைப்பை முதலில் பார்ப்போம். அதை அறிந்தவனை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. வண்டியின் இரு சக்கரங்களுக்கும் உட்புறத்தில் ஒரு பெரிய பல் வளையம் இருக்கும். பிரஷ்கள் பொருத்தப்பட்ட ஷாஃப்டின் இரு முனைகளிலும் பினியன் என்னும் சிறு பல் சக்கரங்கள் இருந்து, அந்த வளையத்தோடு பல்லுக்குப் பல் பொருந்தி ஓடும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பிரஷ்கள் பல சுற்றுச் சுழன்று, புல்லின் மேலுள்ள இலைகளை வாரிப் பின்னாலிருக்கும் துணிப் பைக்குள் எறியும். ஷாஃப்டின் முனையிலுள்ள துளையில் ஒரு சிறு எஃகு முளை, இப்படியும் அப்படியும் நழுவும்படி தளர்வாக வைக்கப்பட்டிருக்கிறது. வண்டி முன்னால் போகும்போது அந்த முளை பினியனின் உட்புறப் பள்ளத்தில் விழுந்து பற்றிக்கொள்ள, பிரஷ் சுழல்கிறது. பின்னால் தள்ளும்போது, சைக்கிளின் ஃப்ரீவீலைப் போல, பற்றாமல் நழுவிவிடுகிறது. வளைவில் திரும்புகையில் வேகமாக உருளும் வெளிப்பக்கச் சக்கரம் பிரஷைச் சுழற்ற, உட்பக்கச் சக்கரம் தன் போக்கில் உருண்டு வருவதும் இந்த முளையின் உபகாரத்தால்தான்.

"வண்டி ஓடுகிறது, பிரஷ் சுற்றவில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சிறு முளைதான் காரணம். பழைய கிரீஸும் மண்ணும் இலைத் தூளும் கலந்து இறுகிப் போய், துளைக்குள் முளையை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தில் விழ வேண்டிய முளை விழாது. முளை தேய்ந்து உருண்டையாகிவிடுவதும், யாரோ சக்கரத்தைக் கழற்றும்போது புல்லில் விழுந்து காணாமற் போவதும் உண்டு. டிராக்டரிலிருந்து வண்டியை அவிழ்த்து, ஒரு பக்கத்துக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துச் சற்றே தூக்கி, சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். பிரஷ் கூடவே சுற்ற வேண்டும், பின்னோக்கிச் சுற்றினால் சும்மா இருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லையானால், சக்கரத்தைக் கழற்றி, ஷாஃப்டின் முனையில் பினியனை நிறுத்தி வைத்திருக்கும் வளையக் கிளிப்பை எடுத்து, பினியனை உருவி, முளையையும் துளையையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, உலர்ந்த பின் சொட்டு எண்ணெய் மட்டும் விட்டுத் திரும்பப் பூட்டினால் போதும். முளையிருக்கும் இடத்தில் கெட்டி கிரீஸை அப்புகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அப்புகிறார்கள். ஆனால் அடுத்த பருவத்துக்குரிய பழுதை அப்போதே வைத்துப் பூட்டுகிறார்கள்.

இதில் மறக்கக் கூடாத ஒரு விஷயம், பல மாதிரிகளில் இடப் பக்கத்துப் பினியனும் வலப் பக்கத்துப் பினியனும் ஒன்றல்ல என்பது. பார்வைக்கு ஒன்றே போலிருந்தாலும் அவற்றின் உட்பள்ளங்கள் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிக் கலந்துவிட்டு மாற்றிப் பூட்டினால், வண்டி முன்னே போகையில் பிரஷ் நின்றுவிடும். பின்னே தள்ளினால் சுழலும். ஆகையால் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறு பக்கத்தைத் தொட வேண்டும்.

பிரஷ் மயிர்கள் தேயத் தேய உயரம் சரிசெய்யும் பிடியால் பிரஷைக் கீழிறக்கிக்கொண்டே போகலாம். மயிரின் நுனி புல்லுக்குள் சுமார் அரை அங்குலம் இறங்கியிருப்பதே தக்க நிலை. அதைவிட ஆழமாக இறக்கினால் நன்றாக வாரும் என்று நினைப்பது தவறு; பிரஷும் பற்களும் வீணாகத் தேயும், டிராக்டருக்கும் பாரம் கூடும். மணிக்கு 3 மைல் அளவில் ஓட்டினால் இலை பைக்குள் சரியாகப் போய் விழும். ஈர இலையை வாராதிருப்பது உத்தமம். வாரினால் அன்றைக்கே பையைக் கொட்டி உலர்த்திவிட வேண்டும், இல்லையேல் துணி பூஞ்சணம் பிடித்து இற்றுப் போகும். குளிர்காலத்தில் பையைக் கழற்றி உயரத் தொங்கவிடாதவர்கள், வசந்தத்தில் எலி கூடு கட்டிக் கடித்த துணியைத்தான் எடுப்பார்கள்.

இனி அபாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஞ்சின் இல்லாத வண்டிதானே என்ற அலட்சியமே இதில் முதல் அபாயம். ஈர இலை நிறைந்த பை கனத்தது; சரிவில் இறங்கும்போது அந்தக் கனம் டிராக்டரைப் பின்னாலிருந்து உந்தும், பிரேக் போட்டாலும் நிற்கும் தூரம் நீளும், சக்கரம் வழுக்கினால் டிராக்டரையே பக்கவாட்டில் மடக்கிக் கவிழ்க்கும். சாதாரணமாகப் புல் வெட்டும் டிராக்டர்களைப் 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டலாகாது என்பார்கள்; பின்னால் ஒன்றை இழுத்துச் செல்லும்போது அனுமதிக்கப்படும் சரிவு அதிலும் குறைவு என்பதை டிராக்டரின் கையேட்டில் தேடிப் பார்த்துக்கொள்வது அவசியம். டிராக்டரோடு வண்டியைப் பிணைக்கும் ஹிட்ச் முளையையும், அது நழுவாமல் காக்கும் ஸ்பிரிங் கிளிப்பையும் தொலைத்துவிட்டு, கையில் அகப்பட்ட ஆணியையோ போல்ட்டையோ செருகி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கிளிப்பின் விலை ஒரு காப்பிக்குக் கொடுக்கும் பணத்துக்கு மேல் போகாது. அது இல்லாமற் போனால் மேட்டிலிருந்து தனியே உருண்டு வரும் வண்டி எதன் மேல் மோதும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரஷில் கயிறோ கொடியோ சிக்கிக்கொண்டால், பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இருக்கையிலிருந்து இறங்கிய பிறகே கையை உள்ளே விட வேண்டும். டிராக்டர் ஓர் அடி நகர்ந்தாலும் பல் வளையத்துக்கும் பினியனுக்கும் நடுவே விரல் அகப்பட்டுவிடும். சூடான சைலன்சரைச் சுற்றியும் டிராக்டரின் அடிப்பாகத்திலும் ஒட்டியிருக்கும் உலர்ந்த இலைகளை அகற்றாமல் வண்டிகளைக் கொட்டகைக்குள் விடுவது தீயை உள்ளே விடுவதாகும். எல்லாவற்றிலும் மேலாகக் குழந்தைகளின் விஷயத்தில் எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் தகும். இலைக் குவியல் குழந்தைகளுக்கு மிகப் பிரியமானது. அவர்கள் பையின் மேல் ஏறி உட்காரவும், பின்னால் ஓடிவரவும் ஆசைப்படுவார்கள். யாரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டலாகாது, பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டி யந்திரத்தை இயக்கலாகாது என்பது அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கத்தாரின் புத்திமதி. பின்னோக்கி ஓட்டுமுன் திரும்பிப் பார்ப்பதோடு நில்லாமல், குழந்தைகளை வேறொரு பெரியவர் பொறுப்பில் வீட்டுக்குள் விட்டுவிட்டு வேலையைத் தொடங்குவதே முறை.

உரிமைகளின் விஷயத்துக்கு வருவோம். 1975 ஆம் ஆண்டில் நிறைவேறிய மாக்னுஸன்-மாஸ் வாரன்டிச் சட்டம் என்ற மத்தியச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் பொருள்களுக்கு எழுத்து மூலமாக வாரன்டி தருகிற எவரும், எதற்குப் பொறுப்பு, எத்தனை காலத்துக்குப் பொறுப்பு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று விதிக்கிறது. 15 டாலருக்கு மேற்பட்ட பொருளானால், வாங்குமுன்னரே அந்த வாரன்டியைப் படித்துப் பார்க்க வசதி செய்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் பலரும் அறியாத, ஆனால் மிகப் பிரயோஜனமான ஷரத்து ஒன்று உண்டு. எங்கள் கம்பெனிப் பாகத்தையே போட வேண்டும், எங்கள் சர்வீஸ் கடையிலேயே பழுது பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாரன்டி செல்லாது என்று நிபந்தனை விதிக்க, அந்தப் பாகத்தையும் வேலையையும் இலவசமாகத் தந்தாலொழிய, அல்லது ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் தனி அனுமதி பெற்றாலொழிய, உற்பத்தியாளருக்கு அதிகாரமில்லை. நீங்கள் வேறு கடையில் வாங்கிய பினியனைப் போட்டீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக, கிழிந்த பைக்கோ வளைந்த சட்டகத்துக்கோ பொறுப்பில்லை என்று கம்பெனி கைகழுவ முடியாது. வேறு பாகத்தினாலோ உங்கள் தவறான வேலையினாலோ விளைந்த சேதத்துக்கு மட்டும் அது பொறுப்பை மறுக்கலாம்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் உரிமையன்று. 2018 ஏப்ரலில் இப்படிப்பட்ட நிபந்தனைகளைப் பற்றி ஆறு கம்பெனிகளுக்கு அந்தக் கமிஷன் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2022 ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ஹார்லி-டேவிட்ஸன் மோட்டார் சைக்கிள், வெஸ்டிங்ஹவுஸ் பெயரில் ஜெனரேட்டர் விற்ற கம்பெனி, வெபர் அடுப்பு ஆகியவற்றின் வாரன்டி ஷரத்துகள் சட்டவிரோதமென்று நடவடிக்கை எடுத்துத் திருத்த வைத்தது. நியூயார்க், மின்னெஸோட்டா, கலிஃபோர்னியா மாநிலங்கள் அண்மையில் செய்த பழுதுபார்க்கும் உரிமைச் சட்டங்கள் பெரும்பாலும் மின்னணுக் கருவிகளைப் பற்றியவை. கொலராடோவின் 2023 ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய யந்திரங்களைப் பற்றியது. பூட்டி மறைத்து வைக்கச் சிப்போ மென்பொருளோ இல்லாத இலை வாரும் வண்டிக்குப் பழைய 1975 ஆம் ஆண்டுச் சட்டமே போதுமான துணை.

எழுத்தில் இல்லாத வாரன்டி ஒன்றும் உண்டு. வியாபாரம் செய்கிறவர் விற்கும் பொருள், அது எந்தக் காரியத்துக்கோ அந்தக் காரியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது, லூயிஸியானா நீங்கலாக எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டுள்ள ஒரேமாதிரி வாணிபச் சட்டத்தின் விதி. எழுத்து மூலமாக வாரன்டி கொடுத்தவர் இந்த மறைமுக வாரன்டியை அடியோடு மறுக்கலாகாது. தம்முடைய வாரன்டியின் காலம் வரைக்கும் என்று அதைக் குறுக்கிக்கொள்ளலாம். ஆனால் பக்கத்து வீட்டார் முற்றத்தில் போட்டு விற்கும் பழைய வண்டிக்கு இந்த விதி பொருந்தாது, அவர் வியாபாரியல்லர். பழையதை வாங்குகிறவர் முன்னே சொன்னபடி சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதே அவருக்குள்ள காப்பு. வாங்கிய வண்டியைக் கூலிக்கு இலை வாரப் பயன்படுத்துகிறவர்களும், வர்த்தக உபயோகத்துக்குப் பொறுப்பில்லை என்ற ஷரத்தும், பிரஷ் போன்ற தேயும் பாகங்களுக்குப் பொறுப்பில்லை என்ற ஷரத்தும் தம் வாரன்டியில் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழுது உங்களுடைய குற்றமன்று என்று தெரிந்தால், தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசி மனம் நோவதைக் காட்டிலும் ஒரு கடிதம் எழுதுவது மேல். சட்டகத்தில் ஒட்டியிருக்கும் தகட்டிலுள்ள மாடல் எண், வாங்கிய தேதி, ரசீதின் நகல், பழுதின் புகைப்படம், என்ன கேட்கிறீர்கள் என்ற ஒரே வாக்கியம், பதிலுக்கு ஒரு கெடு இவ்வளவும் அதில் இருந்தால் போதும். பழுதைக் கண்டபின் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் பரிகாரமே கிட்டாமற் போகலாம். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், பொருளின் விலை 50 டாலருக்கு மேற்பட்டு, உங்கள் மாநிலத்திலோ வீட்டிலிருந்து 100 மைலுக்குள்ளோ வாங்கியிருந்து, கடைக்காரரோடு சமாதானமாகத் தீர்க்க முயன்று பலிக்காமற் போனால், இன்னும் கட்டாத தொகையைக் கட்ட மறுத்து வங்கியிடம் வாதாட உரிமையுண்டு. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் நுகர்வோர் புகாருக்கென்றே ஒரு பிரிவு இருக்கும், அதற்குக் கட்டணமில்லை.

ஹிட்ச் முறிந்தது, சக்கரம் கழன்று ஓடியது என்பது போன்று உயிருக்கோ உடலுக்கோ கேடு விளைவிக்கும் குறையானால், 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட கன்ஸ்யூமர் பிராடக்ட் ஸேஃப்டி கமிஷனுக்கு அறிவிப்பது ஒவ்வொருவரின் கடமை. அந்தக் கமிஷன் உங்கள் பணத்தை வாங்கித் தராது. ஆனால் உங்கள் அறிக்கையோடு மற்றவர்களின் அறிக்கையும் சேரும்போது, அந்த மாதிரி வண்டிகளைத் திரும்பப் பெற வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. பெரிய அபாயம் ஒன்று தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு உற்பத்தியாளரையும் கட்டுப்படுத்துகிறது. முறிந்த பாகத்தைக் கம்பெனி அனுப்பச் சொன்னால், நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளாமல் அனுப்பிவிடாதீர்கள். அதுவே பின்னால் உங்கள் ஒரே சாட்சியாக இருக்கக் கூடும்.

எதுவும் பலிக்காதபோது சிறு வழக்குகளுக்கான நியாயஸ்தலம் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் தாமே நின்று பேசலாம். உச்சவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், கென்டக்கியில் 2,500 டாலர், கலிஃபோர்னியாவில் தனி மனிதருக்கு 12,500 டாலர், டெக்ஸஸில் 20,000 டாலர் என்று. எந்த இலை வாரும் வண்டியின் விலையும் அதற்குள் அடங்கிவிடும். வாரன்டி மீறலுக்கு வழக்குத் தொடுக்கப் பொதுவாக நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. அந்த நான்கு ஆண்டு பழுது தெரிந்த நாளிலிருந்தல்ல, சாதாரணமாக வண்டி கைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்தே எண்ணப்படுவதால், ரசீதோடு அன்றைக்கு வந்த டெலிவரிச் சீட்டையும் பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும்.