பழைய கான்டெஸாவுக்குப் பிக்கப்: காசை எங்கே போடுவது?

அமெரிக்காவில் மஸில் கார் என்றால் மஸ்டாங், கமாரோ. நம் ஊர்ச் சாலைகளில் அந்தத் தோரணையோடு ஓடியது இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டரைத் தழுவி 1984-ல் வந்த இந்த வண்டியின் தயாரிப்பு 2002-ல் நின்றது. நீண்ட பானெட், அகன்ற முகம் எல்லாம் இருந்தும் ஆரம்ப வண்டிகளில் இருந்தது அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சின்தான். திறன் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அந்த உடம்பை இழுக்க அது போதவில்லை. பிறகு வந்த இசுசு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும்தான் வண்டிக்கு உயிர் கொடுத்தன.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இப்படியொரு வண்டியை வைத்திருப்பவர் மெக்கானிக்கிடம் முதலில் கேட்பது, “எஞ்சினை மாத்திடலாமா?” என்றுதான். அவசரப்பட வேண்டாம். முப்பது வருடத்தில் வண்டி இழந்த திறனைத் திரும்பக் கொண்டுவருவதுதான் மிக மலிவான மேம்பாடு.

முதல் காசு பிரேக்குக்கும் டயருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய ரப்பர் இறுகிப்போயிருக்கும். மழையில் சிதம்பரம் சாலையில் பிரேக் அடித்தால் பிடிக்காது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. கடலோர ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றிவிடுங்கள்.

அடுத்து எஞ்சினின் உண்மை நிலை. எல்லா பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் குறைவில்லாமல் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம். ஒன்று மட்டும் குறைந்தால், அந்த பிளக் துளையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமலே “போர் அடிக்கணும்” என்கிற பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கழற்றிய பிளக்கின் நிறமும் சேதி சொல்லும். வெளிர் பழுப்பு நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெளுத்திருந்தால் குறைவாகப் போகிறது. கார்புரேட்டரைக் கழுவி கேஸ்கெட் கிட் போட்டு, டேப்பெட், டைமிங் சரிசெய்தாலே பாதிப் பிக்கப் திரும்பிவிடும். 1.5 எஞ்சினில் சி.பி. பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அடிக்கடி அதைச் சரிபார்க்க முடியாதவர்கள் எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திக்கொள்வது நல்ல செலவு.

பெட்ரோல் பைப்பை மறக்கக் கூடாது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் பைப்பும் டயாஃப்ரமும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. உப்பி, வெடித்து, சூடான எஞ்சின் மேல் கசியும். எத்தனாலைத் தாங்கும் புதுப் பைப்புக்கு ஆகும் செலவு சொற்பம்.

தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் உப்புக் காற்று நம் ஊர் வண்டிகளுக்குத் தனிச் சோதனை. எர்த் வயர் துரு பிடித்தால் ஸ்டார்ட் ஆகாது, ஹெட்லைட் மங்கும். பலர் வீணாகப் பேட்டரியை மாற்றுகிறார்கள். தரைத் தகட்டில் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். ஓட்டை விழுந்திருந்தால் எஞ்சினுக்கு வைத்த பணம் டிங்கரிங்குக்குப் போகட்டும்.

இவ்வளவும் முடித்த பிறகும் 1.5 எஞ்சினை எடுத்துவிட்டு 1.8 வைக்க ஆசையிருந்தால், எஞ்சின் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். முன் அனுமதி வேண்டும், புது எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கவும் இதுவே காரணமாகும். எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது தராத கடையில் எஞ்சின் வாங்காதீர்கள்.