தோள் நழுவியதா? ஒரு படம் போதாது

மாணவர்களே, ஒரு மைலோ டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கை அதன்மேல் அடித்துச் சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். செவ்வகம் தெரியும். டின்னைப் படுக்க வைத்து, அதன் அடிப்பக்கத்தை விளக்கை நோக்கித் திருப்புங்கள். இப்போது வட்டம்! அடுத்து, டின்னுக்கு நேர் பின்னால் சிறிய பந்து ஒன்றை வையுங்கள். நிழலை மட்டும் பார்ப்பவருக்குப் பந்து இருப்பதே தெரியாது.

1895-இல் வில்ஹெல்ம் ரோண்ட்ஜன் தம் மனைவியின் கை எலும்புகளைப் படம் பிடித்தது முதல் இன்றுவரை, எக்ஸ்ரே என்பது ஒரு நிழல்தான். முன்னே எது, பின்னே எது என்று அது சொல்லாது.

என் மாணவர் ஒருவருக்கு இதனால் சங்கடம் நேர்ந்தது. சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடியே முன்பக்கமாக விழுந்தார். ஒரு கிளினிக்கில் முன்பக்கப் படம் மட்டும் எடுத்து, “எலும்பு முறியவில்லை” என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்தும் அவரால் முன்கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை. மருத்துவமனைக்குப் போனபோது மறுபடியும் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். “வலிக்கிறது சார், எதற்கு இன்னொன்று?” என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

காரணம் இதுதான். நம் தோள், பந்துக் கிண்ண மூட்டு. ஆனால் அந்தக் கிண்ணம் ஆழமில்லாதது. சிறு தட்டின்மேல் பெரிய பந்தை வைத்ததுபோல இருக்கும். கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவதும் அதனால்தான், எளிதில் நழுவுவதும் அதனால்தான். நழுவும் தோள்களில் பெரும்பாலானவை முன்பக்கம்தான் நழுவும். அப்போது பந்து கீழேயும் இறங்குவதால், முன்பக்கப் படத்திலேயே தெரிந்துவிடும். பின்பக்கம் நழுவுவது நூற்றில் சில பேருக்குத்தான். வலிப்பு வந்தவர்களுக்கும் மின்சாரம் தாக்கியவர்களுக்கும் இப்படி நேரலாம். உள்பக்கம் திருப்பும் வலுவான தசைகள் ஒரே நேரத்தில் இறுகிப் பந்தைப் பின்னே தள்ளிவிடும். பந்து நேராகப் பின்னால் போவதால், முன்பக்க நிழலில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் தெரியும். டின்னுக்குப் பின்னால் ஒளித்த பந்து ஞாபகம் இருக்கிறதா? கூர்ந்து பார்த்தால், உள்பக்கம் திரும்பிய பந்து மின்விளக்குக் குமிழ்போல் உருண்டையாகத் தெரியும். ஆனால் நழுவாத கையும் உள்பக்கம் திரும்பியிருந்தால் அப்படித்தான் தெரியும். ஆகவே அதை மட்டும் நம்ப முடியாது.

எனவே கோணத்தை மாற்ற வேண்டும். ஒரு முறையில், தோள்பட்டை எலும்பைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் உடலைச் சாய்வாகத் திருப்புவார்கள். எலும்பு, ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப்போல் தெரியும். மூன்று கோடுகள் சேருமிடத்தில் பந்து இருந்தால் சரி. விலகியிருந்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இதற்குக் கையைத் தூக்கவே வேண்டாம். இன்னொன்று அக்குள் வழியாக எடுக்கும் படம். கிண்ணமும் பந்தும் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்பதை இதுதான் மிகத் தெளிவாகக் காட்டும். கையைச் சற்று விலக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவும் முடியாதென்றால், தொங்குகட்டை அவிழ்க்காமலே பின்னோக்கிச் சுமார் 30 பாகை சாயச் சொல்லி, மேலிருந்து கதிரைச் செலுத்துவார்கள். வலியில் துடிப்பவருக்காக யாரோ யோசித்துக் கண்டுபிடித்த வழி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கவனிக்காமல் விட்டால் கிண்ணத்தின் விளிம்பு பந்தில் அழுந்திப் பள்ளம் விழும். வாரங்கள் கடந்தால் அறுவைச் சிகிச்சைகூடத் தேவைப்படலாம். என் மாணவருக்கு அந்த நிலை வரவில்லை. ‘ஒய்’ படத்தில் பந்து பின்னால் இருப்பது தெரிந்தது. அன்று மாலையே மயக்க மருந்து கொடுத்து மூட்டைச் சரிசெய்தார்கள். அந்தப் படம் இப்போதும் அவர் கைப்பேசியில் இருக்கிறது. வகுப்பில் யார் கேட்டாலும் ‘ஒய்’ எங்கே என்று விரலால் வரைந்து காட்டுகிறார், அடிபட்ட அதே கையால்.