ஏறாத விமானத்துக்குக் கொடுத்த பணம்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கடல் கடந்து ஒருவரையேனும் அனுப்பிவைத்த வீடுகள் பல. ஒருவர் கட்டாரில் தொழில் செய்வார். மற்றொருவர் சுவிற்சர்லாந்திலோ கனடாவிலோ குடியேறியிருப்பார். இன்னொருவர் வைத்தியத்துக்கென்று சென்னைக்குப் போய் வருவார். இப்பயணங்களுக்கான விமானச் சீட்டு, பெரும்பாலும் வீட்டிலிருந்த நகையை ஈடு வைத்தோ, சீட்டுப் பணத்தை எடுத்தோ வாங்கப்படுவது. ஆகவே 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகெங்கும் வான்வழிகள் அடைபட்டபோது, பயணம் நின்றுபோன வருத்தத்தினும் கொடுத்த பணம் திரும்புமா என்ற கவலையே பல குடும்பங்களைப் பெரிதும் வாட்டியது. சிலருக்கு முழுப்பணமும் திரும்பிற்று. சிலருக்கு ஒரு பகுதி மட்டுமே கிடைத்தது. ஒன்றுமே பெறாதவர்களும் உளர். இவ்வேறுபாட்டை விதியின் தலையில் ஏற்றிவிடுதல் எளிது. ஆயின் அதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் சீட்டின் நிபந்தனைகளிலும், பிரயாணி அந்த நாட்களிற் செய்த அல்லது செய்யாத காரியங்களிலும் அடங்கியிருந்தன.

முதலில், தடை என்ற சொல் எதனைக் குறிக்கின்றது என்பதைத் தெளிதல் வேண்டும். 2020 மார்ச் 19ஆந் திகதி முதல் இலங்கைக்குள் பிரயாணிகளைக் கொண்டுவரும் விமானங்கள் தடுக்கப்பட்டன. மறுநாள் மாலை தீவெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலாயிற்று. 2021 ஜனவரி 21ஆந் திகதியே உல்லாசப் பிரயாணிகளுக்காக விமான நிலையங்கள் மீளத் திறக்கப்பட்டன. வெளியே செல்வதற்கு இருந்த தடை அத்தகையதன்று. கட்டுநாயக்காவிலிருந்து விமானம் புறப்படுவதை அந்த உத்தரவு முற்றாகத் தடுக்கவில்லை. எனவே ஒரே வாரத்தில் ஒரு விமானம் பறந்தது, மற்றொன்று நிறுத்தப்பட்டது. பணத்தின் கதி இந்த இடத்திலேதான் இரண்டாகப் பிரிகின்றது.

விமானத்தை நிறுத்தியவர் விமான நிறுவனத்தாராயின் பிரயாணியின் நிலை பலமானது. ஏற்றிச் செல்வதாக வாக்களித்துப் பணம் பெற்றவர் ஏற்றிச் செல்லவில்லை. அரசின் உத்தரவாலேயே அது நேர்ந்தது என்று அவர் கூறலாம். அக்கூற்று அவரைக் குற்றத்தினின்று விடுவிக்குமேயன்றிப் பணத்தை வைத்துக்கொள்ளும் உரிமையை அவருக்குக் கொடுத்துவிடாது. இலங்கையின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படையாயுள்ள உரோமன் டச்சுச் சட்டம் இவ்விடயத்தில் நியாயமானது. எவர் மீதும் தவறின்றி ஒப்பந்தம் நிறைவேற இயலாது போனால் இருபாலார் கடமையும் நீங்கும். பெறப்பட்ட பணத்தைத் திருப்பிக் கேட்க வழியுண்டு. ஒப்பந்தத்தில் வேறு நிபந்தனை எழுதியிருந்தால் மட்டும் நிலைமை மாறும்.

ஆங்கிலச் சட்டம் இத்தெளிவை எய்தப் பல ஆண்டுகள் சென்றன. 1902ஆம் ஆண்டு ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு ஊர்வலம் அவருடைய நோயினால் தள்ளிவைக்கப்பட்டது. ஊர்வலத்தைப் பார்க்கவென்று அறை வாடகைக்கு எடுத்து 100 பவுண் முற்பணம் செலுத்திய ஒருவர் அதனைத் திருப்பிக் கேட்டபோது, 1904இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. எஞ்சிய வாடகையையும் செலுத்துமாறு பணித்தது! 1942இல், யுத்தத்தினால் போலந்துக்கு இயந்திரம் அனுப்ப முடியாது போன ஒரு வழக்கிலேதான் பிரபுக்கள் சபை அக்கொள்கையைத் தள்ளி, கைமாறு எதுவும் கிடையாதவருக்குப் பணம் மீளவேண்டும் என்று தீர்த்தது.

2020இல் பல நாடுகள் இதே கேள்விக்கு விடையளித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டின் 261ஆம் இலக்க ஒழுங்குவிதி, விமானம் இரத்தானால் ஏழு நாட்களுக்குள் பணம் திரும்பவேண்டும் என்கின்றது. பிரயாணி இணங்கினாலன்றிப் பணத்துக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் ஆகாது. இவ்விதி சுவிற்சர்லாந்துக்கும் பொருந்தும். சூரிச்சிலிருந்து புறப்படும் பயணத்துக்கு எந்நாட்டு விமானமாயினும் அது செல்லும். கட்டுநாயக்காவிலிருந்து சூரிச்சுக்குச் செல்லும் பயணத்துக்கோ, பறப்பது ஐரோப்பிய அல்லது சுவிஸ் நிறுவனமாயிருந்தால் மட்டுமே செல்லும். அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் 2020 ஏப்பிரல் 3ஆந் திகதி, அரசின் தடையே காரணமாயினும் இரத்தான விமானத்துக்குப் பணத்தைத் திருப்பவேண்டும் என்று நிறுவனங்களுக்கு அறிவித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஒக்டோபர் 1ஆந் திகதி வழங்கிய தீர்ப்பு நடுவழி ஒன்றை வகுத்தது. முடக்க காலத்துப் பயணத்துக்கென முடக்க காலத்திலேயே வாங்கிய சீட்டுகளுக்கு முழுப்பணமும் உடனே திரும்பவேண்டும் என்றது. அதற்கு முன்னர் வாங்கிய சீட்டுகளைப் பொறுத்தவரை, பணநெருக்கடியில் உள்ள நிறுவனங்கள் அத்தொகையைப் பிரயாணியின் பெயரில் வரவு வைத்து, 2021 மார்ச் 31 வரை பயன்படுத்த அனுமதித்து, எஞ்சியதைத் திருப்பலாம் என இடங்கொடுத்தது.

இனி, விமானம் பறந்தும் பிரயாணி பறக்க இயலாத நிலையை நோக்குவோம். மட்டக்களப்பாருக்கு இதுவே கடினமான நிலை. விமான நிலையம் ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது. புகைவண்டி ஓடவில்லை, ஊரடங்கு நிலவுகின்றது, அல்லது செல்லவேண்டிய நாடு தன் குடிகளையன்றி எவரையும் ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டது. நிறுவனமோ தன் விமானம் உரிய நேரத்திற் புறப்பட்டது என்கின்றது. சட்டம் இங்கே பிரயாணிக்கு அவ்வளவு துணை நிற்பதில்லை. ஐரோப்பிய ஆணைக்குழுவும் 2020 மார்ச் 18ஆந் திகதி வெளியிட்ட விளக்கத்தில், பிரயாணி தானே பயணத்தைக் கைவிட்டால் பணம் திரும்புவது சீட்டின் வகையைப் பொறுத்தது என்றே கூறியது. ஊரடங்கைக் காரணங் காட்டுவதிலும் ஓர் இடர் உண்டு. சீயோன் தேவாலயத்திலும் பிற இடங்களிலும் குண்டுகள் வெடித்த 2019 ஏப்பிரல் 21ஆந் திகதியை அடுத்து ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, கடவுச்சீட்டும் அன்றைய விமானச் சீட்டும் வைத்திருந்தோர் சோதனைச் சாவடிகளைக் கடக்க அனுமதிக்கப்பட்டனர். அத்தகைய சலுகை நடைமுறையில் இருக்கும்போது ஊரடங்கு தடுத்தது என்ற வாதம் வலுவிழக்கும்.

இந்நிலையில் பிரயாணி செய்யத்தக்கன இரண்டு. முதலாவது, விமானம் புறப்படுமுன் தாம் வரவியலாமையை எழுத்தில் அறிவித்தல். அறிவியாது வீட்டிலிருந்தால் வாராதவர் என்று பதிவாகும். பல சீட்டுகளின் எஞ்சிய பெறுமதி அத்தோடு அழிந்துவிடும். ஆயினும் அறிவிப்பதிலும் அவசரம் கூடாது. விமானம் நிறுத்தப்படும் என்ற குறிகள் தோன்றும்போது பத்து நாள் முன்னரே தாமாக இரத்துச் செய்பவர், நிறுவனம் இரத்துச் செய்தால் கிடைத்திருக்கும் முழுப்பணத்தையும் இழக்க நேரலாம். 2020இல் நிகழ்ந்த இழப்புகளுள் மிகவும் வருந்தத்தக்கது இதுவே எனலாம். முன்யோசனை உடையோரே அதில் அகப்பட்டனர்.

இரண்டாவது, வரிப்பணத்தைத் தனியே கேட்டல். சீட்டின் விலை ஒரே தொகையாகத் தோன்றினும் அதனுள் பயணக் கட்டணமும், அரசாங்கமும் விமான நிலையமும் அறவிடும் வரிகளும் கலந்துள்ளன. திருப்பப்படாத சீட்டு என்பது முக்கியமாகக் கட்டணத்தைக் குறித்தது. புறப்படாதவர் பெயரில் புறப்பாட்டு வரி செலுத்தப்படுவதில்லையாதலால், அதனைக் கேட்டுப் பெறப் பெரும்பாலும் இயலும். ஆனால் வை-கியூ, வை-ஆர் என்ற குறியீடுகளின் கீழ் வரும் தொகை வரியன்று. எரிபொருள் முதலியவற்றுக்கென நிறுவனமே சேர்ப்பது. அது திரும்பாமலிருக்கலாம்.

நகரிலோ கல்முனையிலோ உள்ள முகவரிடம் வாங்கிய சீட்டின் பணம், வந்த வழியாலேயே திரும்பும்: நிறுவனத்திலிருந்து முகவருக்கும், முகவரிடமிருந்து பிரயாணிக்கும். பதின்மூன்று இலக்கச் சீட்டு எண்ணும் பணம் செலுத்திய பற்றுச்சீட்டும் கையிலிருந்தால், நிறுவனம் பணத்தை எப்போது விடுவித்தது என்று நேரே விசாரிக்கலாம். முகவரின் சேவைக் கட்டணம் பொதுவாகத் திரும்புவதில்லை. வெளிநாட்டிலுள்ள சகோதரர் தம் வங்கி அட்டையால் வாங்கிய சீட்டாயின், பணம் அவருடைய அட்டைக்கே செல்லும். ஊரிலிருப்பவர் இங்கே கேட்டுப் பயனில்லை. தொழில் கொள்வோர் செலுத்திய சீட்டும் அத்தகையதே.

கேட்டும் கிடையாதபோது முறையிட இடங்கள் உண்டு. விமானச் சீட்டு விற்கும் முகவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டுமாகையால், அவர்களைப் பற்றிய முறைப்பாட்டை அங்கு அனுப்பலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் எழுதலாம்; தாமதியாது எழுதுதல் நன்று. முகவர் உள்ளூரவராயின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் மத்தியஸ்த சபையை நாடலாம். அங்கு சட்டத்தரணியின் செலவு இல்லை. இணக்கம் ஏற்படாவிடில் சபை அதற்கொரு சான்றிதழ் வழங்கும். சிறு தொகைக்கான வழக்கை நீதிமன்றம் ஏற்பதற்கு அச்சான்றிதழ் தேவை.