ஐந்தடித் தொட்டிக்கு எந்த மீன்?

ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கணக்குப் போட்டால் 566 லிட்டர். மண்ணும் கல்லும் கட்டையும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் ஏறக்குறைய 450 லிட்டர் தண்ணீர் நிற்கும். இப்படியொரு தொட்டியில் செடி வளர்த்துவிட்டு மீன் வாங்கக் கிளம்புகிறவரின் கண், கடையில் முதலில் பெரிய மீன்கள் மேல்தான் போகும். தொட்டிதான் பெரிதாயிற்றே என்ற தைரியம். நானும் அப்படித்தான் ஆறு சில்வர் டாலர் வாங்கி வந்தேன். வெள்ளித் தட்டு மாதிரி அழகான மீன். இரண்டே வாரத்தில் ரொட்டாலாச் செடிகள் மொட்டைக் குச்சிகளாக நின்றன. மீன்மேல் குற்றம் சொல்ல முடியாது. இலை தழை தின்று வளரும் இனம் அது. டின்ஃபாயில் பார்ப், செவெரம், கோல்டு ஃபிஷ் மூன்றுக்கும் இதே பழக்கம் உண்டு. ஆஸ்கர் இலையைத் தின்னாது, ஆனால் மண்ணைத் தோண்டி வேரோடு பிடுங்கிப் போட்டுவிடும்.

செடித் தொட்டி பெரிதாக இருப்பதன் உண்மையான பயன், சின்ன மீன்களைப் பெரிய கூட்டமாக வளர்க்கலாம் என்பதுதான். இரண்டடித் தொட்டியில் பத்து டெட்ரா ஆளுக்கொரு மூலையில் நிற்கும். ஐந்தடியில் ஐம்பதை விட்டுப் பாருங்கள், எல்லாம் ஒன்றாகத் திரும்பும், ஒன்றாக நிற்கும். செடித் தொட்டிக் கலையை உலகம் முழுக்கக் கொண்டுபோன ஜப்பானியர் தகாஷி அமானோ, தாம் இறந்த 2015ஆம் ஆண்டில் லிஸ்பன் மீன் காட்சியகத்துக்கு 40 மீட்டர் நீளத் தொட்டி ஒன்றை அமைத்துக் கொடுத்தார். 1,60,000 லிட்டர் தண்ணீர். அத்தனை பெரிய இடத்திலும் அவர் நம்பியது விரல் நீளச் சிறு மீன்களின் கூட்டங்களைத்தான். சின்ன மீன் பக்கத்தில் இருக்கும்போதுதான் செடி காடாகத் தெரிகிறது.

மீன் பட்டியலுக்குப் போகும் முன் உங்கள் வீட்டுத் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள். பலர் இதைக் கடைசியாகச் செய்கிறார்கள். முதலில் செய்ய வேண்டியது இது. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிகிறதா? சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் அது சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர். சென்னையின் போர் தண்ணீர் பல இடங்களில் இப்படித்தான். டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைக் காட்டுமே தவிர, கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. அதற்கென்று சொட்டு மருந்துச் சோதனைக் குப்பிகள் கிடைக்கின்றன. பிஎச் குறைக்கும் திரவத்தை ஊற்றிச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரிலுள்ள கார்பனேட் அந்த அமிலத்தை விழுங்கிவிடும். இரண்டொரு நாளில் பிஎச் பழைய இடத்துக்கே ஏறும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனை வாட்டும். தண்ணீரை மாற்றப் பாடுபடுவதைவிடத் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுவது உங்களுக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது.

கடின நீர் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது போசெமானி ரெயின்போ. மேற்குப் பப்புவாவின் அயமாரு ஏரிப் பகுதி அதன் சொந்த ஊர். அங்கே தண்ணீரே காரத்தன்மை கொண்டது, செடிகளும் அடர்த்தி. நான்கு அங்குலம் வளரும்; முன்பாதி நீலச் சாம்பல், பின்பாதி ஆரஞ்சு. இவ்வளவு நல்ல மீனைக் கடையில் ஏன் யாரும் கேட்பதில்லை என்றால், விற்பனைக்கு வருவது குஞ்சுகள். குஞ்சுக்கு நிறமே இருக்காது, வெளிறிப்போய் நிற்கும். முழு நிறம் ஏற ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். பொறுமை இருந்தால் பன்னிரண்டு வாங்குங்கள். காலை வெளிச்சம் விழும் நேரத்தில் ஆண்கள் ஒன்றுக்கொன்று நிறம் காட்டிப் போட்டி போடுவதைப் பார்த்தால் காத்திருந்தது வீண் என்று தோன்றாது.

தண்ணீர் மென்மையாக இருந்தால், அல்லது ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்க வசதி இருந்தால், கார்டினல் டெட்ராவும் ரம்மி நோஸும். கார்டினல் பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றுப் பகுதி மீன். பார்வைக்கு நியான் டெட்ரா போலவே இருந்தாலும் சிவப்புக் கோடு தலையிலிருந்து வால்வரை ஓடும். நியானுக்குப் பின்பாதியில் மட்டும். நம் ஊர் வெப்பத்துக்குக் கார்டினல்தான் சரி. நியான் குளிர்ச்சி விரும்பும், மே மாதத்தில் துவண்டுவிடும். ரம்மி நோஸில் இன்னொரு வசதி உண்டு. தண்ணீர் கெட்டால் அதன் மூக்குச் சிவப்பு வெளிறும். சோதனைக் குப்பியை எடுக்கும் முன்பே சேதி தெரிந்துவிடும்.

ஏஞ்சல் பற்றி எல்லோரும் கேட்பார்கள். செடிகளுக்கிடையே ஏஞ்சல் நீந்துவது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கைக்குள் அடங்கும் குஞ்சாக வரும் ஏஞ்சல் வளர்ந்தபின் சின்ன டெட்ராக்களை இரையாக்கும். பெரும்பாலும் இரவில் நடப்பதால் காலையில் எண்ணிக்கை குறைந்திருக்கும், காரணம் புரியாது. ஏஞ்சல் வேண்டுமானால் உடன் விடுவது காங்கோ டெட்ரா போன்ற வாட்டசாட்டமான மீனாக இருக்கட்டும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலை மீன்களை மறந்துவிடக் கூடாது. மிஸ் கேரளா என்று விற்கப்படும் டெனிசன் பார்ப், தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய பார்ப், இரண்டுமே அழியும் ஆபத்தில் உள்ள இனங்கள். பண்ணையில் இனப்பெருக்கம் செய்த மீன்தானா என்று கேட்டு, உறுதியான பதில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். ஆற்றில் பிடித்ததென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். டெனிசனுக்கு ஓடும் நீரும் குளிர்ச்சியும் வேண்டும்; சில்லர் இல்லாத சென்னைத் தொட்டியில் கோடையைத் தாங்கத் தவிக்கும். இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளைச் சேர்ந்த செர்ரி பார்ப் எளிமையான தேர்வு. இரண்டு அங்குலம்கூட வளராது, பண்ணை மீன் எளிதில் கிடைக்கும், பெரும்பாலான தண்ணீரில் பழகிக்கொள்ளும்.

பாசி தின்ன என்று ஒரு மீன் கேட்டால் கடையில் பெரும்பாலும் டேங்க் கிளீனரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு அங்குலத்தில் வரும் அந்தச் சக்கர் மீன் ஒன்றரை அடிவரை வளரும், அமேசான் ஸ்வார்ட் இலைகளைச் சுரண்டிச் சல்லடையாக்கும். தாங்க முடியாமல் யாரோ ஏரியில் விட்டுவிட, இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. எந்த மீனையும் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பாசிக்குச் சயாமீஸ் ஆல்கே ஈட்டர் நான்கைந்து போதும். கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை போகிறதா என்று பாருங்கள், போனால் அதுதான். சைனீஸ் ஆல்கே ஈட்டர் பெயரில் நெருக்கம், குணத்தில் முரடு. அடித்தளத்துக்குக் கோரி வகைகளில் ஸ்டெர்பாய் வெப்பம் தாங்கும். கூர்மையான கல் இல்லாத தரை வேண்டும், இல்லாவிட்டால் மீசை தேய்ந்துபோகும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டாம். செடி வைத்த புது மண் அம்மோனியாவைக் கக்கும். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பிஎச் கூடுதலான கடின நீரில் அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய விஷம். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு முதல் கூட்டம், இரண்டு வாரம் கழித்து அடுத்தது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருந்தால் விளக்கு அணையும்போது அதுவும் நிற்கும்படி டைமர் வையுங்கள். இல்லாவிட்டால், இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து நிற்கும். வெப்பம் ஏறிய தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு.

கடைசியாக விட வேண்டியது முத்துக் கௌராமி. மென்நீரோ கடின நீரோ, பெரிதாகப் பொருட்படுத்தாது. ஓர் ஆண், மூன்று பெண். செடிகள் மேற்பரப்பைத் தொட்டு, மிதக்கும் செடியும் கொஞ்சம் படர்ந்த பிறகு விடுங்கள். ஆணுக்கு நெஞ்சு செம்பு நிறமாகச் சிவக்கும். அமைதியான மூலை பார்த்து நுரைக்கூடு கட்டும். அந்த வாரம் மட்டும் ஃபில்டரிலிருந்து தண்ணீர் விழும் குழாயை வேறு பக்கம் திருப்பி வையுங்கள்.